கறுப்பு மறைக்கும், வெள்ள காட்டும்

மறுபடியும் எந்திரிக்கிறீங்களாண்ணே? உக்காருங்க லா. அர மணி நேரம் உக்காந்துட்டீங்க, இன்னும் பத்து நிமிஷம். பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங் கெடச்சதே பெருசு, அதுக்குள்ள என்ன அவசரம்? மூணு மணிக்குத்தான பொணம் எடுக்கறாங்க. இப்ப ஒன்னே முக்கால். சாவு வீடு இருக்கற சுங்கை வே என்ன, இருவது நிமிஷம்.

போகலயா? படம் மட்டும் போதுமா? ம்ம். பக்கத்து வீட்டு மணின்னு சொன்னீங்களே, அதான் கேட்டேன்.

இந்தாங்க, ஸ்கிரீனப் பாருங்க. இதான் ஒரிஜினல். தவறிப்போன இராஜம்மா ஆன்டி சின்ன வயசுல செந்தூல்ல ஒரு ஸ்டூடியோவுல எடுத்தது. மடியில இருக்கறது கடக்குட்டி, சின்னையாவாம் பேரு. மூத்தவரு ரெங்கசாமி அங்கிள் காலையில எட்டு மணிக்கே கடைக்கு வந்துட்டாரு. மால போட்டு வெக்கணும், தம்பிய எடுத்துட்டு அம்மாவ மட்டும் குடும்மான்னாரு.

நான் ஏன்னு கேக்கல. அவராத்தான் சொன்னாரு. பதினோரு வருஷம் முன்னால அப்பா காரியத்துல இந்தத் தம்பி குடிச்சிட்டு வந்து, அத்தன பேருக்கு நடுவுல அண்ணன் இவரு மேலயே கை நீட்டிட்டாராம். என் முகத்துல முழிக்காதேன்னு அம்மா வெரட்டிட்டாங்களாம். அதோட போனவருதான். காஜாங்ல இருக்கறதா கேள்வியாம், போன் நம்பர் கூட யார்கிட்டயும் இல்லயாம்.

தண்ணி குடிங்கண்ணே, மொகமெல்லாம் வேர்க்குது.

இந்த வேலய எப்படி செய்றோம்னு சொல்றேன், கேளுங்க. வெட்டறதுன்னா கத்திரிக்கோல் போட்டு வெட்டறதில்ல. மாஸ்க்னு ஒன்னு மேல போடுவோம். அதுல கறுப்பு பட்ட எடம் மறஞ்சிரும், வெள்ள பட்ட எடம் தெரியும், சாம்பக் கலர்னா பாதி பாதி. எதுவும் அழியாது, அப்படியேதான் உள்ள கெடக்கும். தலமுடிதான் தொல்ல. ஒவ்வொரு முடியா ஓரம் புடிச்சா கண்ணு போயிரும். அதனால இதே கறுப்பு வெள்ளப் படத்த ஒரு காப்பி எடுத்து, வெளுப்ப இன்னும் வெளுப்பாக்கி, கறுப்ப இன்னும் கறுப்பாக்கி, அதயே மாஸ்க்குக்குள்ள ஒட்டிருவேன். மிச்சத்த பிரஷ்ல அடச்சிக்கலாம். கடசியா கறுப்ப வெள்ளயா, வெள்ளயக் கறுப்பா தலகீழா மாத்தணும். அத மறந்தா வேண்டியது மறஞ்சிரும், வேண்டாதது நிக்கும், கத கந்தல்.

காலையில மறந்துட்டேன். பதிமூணு வருஷமா இதே வேல, எனக்கே இப்படி. பட்டனத் தட்டறேன், ஆன்டி காணோம்! அவங்க இருந்த எடம் வெறும் ஓட்ட. எடுக்கச் சொன்ன புள்ள மட்டும் அந்தரத்துல உக்காந்திருக்கு. மடி இல்ல, புடிச்சிருந்த கை இல்ல. தனியா.

சாவு வீட்டுக்காரரு பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. சாரி அங்கிள், சாரி அங்கிள்னு மாத்தப் போனேன். இரும்மான்னு என் கையப் புடிச்சிட்டாரு. ரொம்ப நேரம் அதயே பாத்தாரு. அப்புறம் அந்த ஸ்டூல்ல, இப்ப நீங்க உக்காந்திருக்கிற அதே ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு பாருங்க, எனக்கு அங்க நிக்கவே முடியல. தம்பிக்குச் செய்தி கூட சொல்ல வழியில்லாம பண்ணிட்டேனேன்னாரு.

எங்கண்ணே போறீங்க? கதவு அப்படித் தொறக்காது, மேல கொக்கி இருக்கு. கோவப்படாதீங்க. நான் யாரு உங்க குடும்ப விஷயத்த பேசன்னு கேக்கறீங்க, கரெக்ட்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுல என்ன கோவம்?

விடுங்கண்ணே. இந்தப் புள்ளையோட எடது காதப் பாருங்க, மேல் மடல் மடிஞ்சிருக்கு. காலையில ரெண்டு மணி நேரம் அந்தக் காதோட ஓரத்தயே சுத்திக்கிட்டு இருந்தேன். நீங்க படியேறி வந்து திரும்பினப்பவே, அதே மடிஞ்ச காது, தெரிஞ்சு போச்சு.

அழுங்க, பரவால்ல. இங்க யாரும் இல்ல.

படமா? அது நீங்க வரதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. பிரிண்ட் போட்டு பிரேமும் பண்ணியாச்சு. புள்ளைய எடுக்கல, அங்கிள் அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. இவ்ளோ நேரம் நான் சும்மா மவுஸ ஆட்டிக்கிட்டுதான் இருந்தேன். ஊரெல்லாம் சுத்துன வாட்சப் நோட்டீஸ்ல, படம் வேண்டியவங்க கடையில வந்து வாங்கிக்கலாம்னு ஒரு வரி பாத்தீங்கல்ல? சாவு நோட்டீஸ்ல யாராச்சும் அப்படிப் போடுவாங்களா? எழுதச் சொன்னது அவருதான். வீட்டுக்கு வர மாட்டான், இங்கன்னா வந்தாலும் வருவான், வந்தா பேச்சுக் குடுத்து உக்கார வையி, எனக்கு மெசேஜ் போடுன்னாரு. போட்டுட்டேன்.

அம்மாவுக்குக் கொள்ளி கடசிப் புள்ளதான வெக்கணும்? நீங்க வராம தூக்க விட மாட்டேன்னு சொல்லிட்டாராம். கண்ணாடி வழியா கீழ பாருங்க. எதுத்தாப்புல அங்கிளோட வெள்ளக் காரு, அஞ்சு நிமிஷமா எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்கிது. அவரு எறங்கி மேல வர மாட்டாரு. இந்தப் பக்கத்துக் கதவத் தொறந்துதான் வெச்சிருக்காரு.