பக்கத்துப் பகுதி

லினக்ஸ் சேர்வரில் இடத்தைக் கூட்டுவது அப்படியொன்றும் பயங்கரமான வேலை அல்ல. ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் அழியாது.

ஒரு டிஸ்க்கை அறைகளைப்போலப் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். நிரம்பிய பகுதியைப் பெரிதாக்கப் பக்கத்துப் பகுதியை நீக்க வேண்டும். அதற்கு முன் அதிலுள்ளதையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். முதற்பாடமே அதுதான்.

எங்கள் மனித உரிமை அலுவலகம் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. 2007ஆம் ஆண்டு. காணாமற்போனவர்களின் வீட்டார் கமெராவுக்கு முன்னால் இருந்து நடந்ததைச் சொல்வார்கள். அந்த வீடியோக்களைச் சேர்வரில் ஏற்றுவது என் பொறுப்பு. மின்னஞ்சல் பகுதி நிரம்பி வழிந்தது. கடிதம் போகாவிட்டால் எல்லோரும் என்மீதுதான் பாய்வார்கள். புது டிஸ்க் கேட்டால் பணிப்பாளர் இராஜநாயகம் தலையை நிமிர்த்தவே மாட்டார்.

"இருக்கிறதை வச்சுச் சமாளியும் நாகேந்திரம். பேந்து பாப்பம்."

அந்தப் 'பேந்து' வரவே இல்லை.

இதற்குள் மெற்றில்டா வேறு. கொட்டாஞ்சேனைக்காரி. கணவர் செபஸ்தியன் துறைமுகத்தில் வேலை செய்தவர். அயல்வீட்டுப் பொடியனை வான் வண்டிக்குள் இழுத்து ஏற்றியதைக் கண்டதாக அவர்தான் எங்கள் கமெராவுக்கு முன்னால் வந்து சொன்னார். ஏற்றியவனின் பெயரையும் சொன்னார். பிறகு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வழக்குக்கும் இருந்த சாட்சி அந்த ஒரு வீடியோதான். கமெரா நாடாவில் அதற்குமேல் வேறொருவரைப் பதிந்துவிட்டதால், சேர்வரில் இருந்தது மட்டுமே மிச்சம்.

மெற்றில்டா செவ்வாய்தோறும் வருவார்.

"தம்பி, ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. அவர் கதைக்கிறதைக் கேட்டிட்டுப் போறன்."

என் கதிரையில் அவர் இருப்பார். நான் நிற்பேன். பேச்சுக்கு நடுவே செபஸ்தியன் இருமுவார். மெற்றில்டா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்வார். "இன்னொருக்கா, தம்பி." வெளியே மெயில் போகவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். நான் ஒருநாளும் அவருக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. மரியாதை தெரிந்தவன்.

ஒரு சனிக்கிழமை காலையில், அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது, வேலையைச் செய்தேன். பக்கத்திலிருந்த வீடியோப் பகுதியை நீக்கினேன். மின்னஞ்சல் பகுதியின் எல்லையை அதன்மேல் நீட்டினேன். சோதித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை. திங்களன்று இராஜநாயகம் முதன்முதலாக என் முதுகில் தட்டினார்.

பிரதி எடுக்க மறந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. வெளி டிஸ்க் என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. வெறுமையாக இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன். செபஸ்தியனோடு மற்றவர்களின் வீடியோக்களும் போயின. அதை மறுக்கவில்லை.

செவ்வாயன்று மெற்றில்டா வந்தார்.

"டிஸ்க் பழுதாப் போச்சுது அக்கா," என்றேன்.

"அப்ப அவற்ற குரல்?"

"இல்லை."

அவர் அழவில்லை. வெறும் திரையை ஒருமுறை பார்த்தார்.

"சரி தம்பி. நீங்க என்ன செய்வியள்," என்று சொல்லி எழுந்து போனார்.

வழக்குகள் நீதிமன்றம்வரை போகவில்லை. மெற்றில்டா அதன்பிறகு வரவே இல்லை. இல்லாத மனுசனை வாராவாரம் பார்ப்பது எவ்வளவு வேதனை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு உண்மையாக உதவி செய்தவன் நான் ஒருவன்தான்.