கனடா விலை

இந்த டேபிள் புதிது. பழையது இதைவிட நல்ல மரம். அதைத் தெருவோரம் வைத்தபோது குப்பை வண்டிக்காரரே கீழே இறங்கி வந்து, நிஜமாகவே எறிகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் காபியைக் குடியுங்கள், மிஸ்டர் வெங்கடகிருஷ்ணன். ஆறிப்போனால் அது காபியே இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு தமிழரை அனுப்பியது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. நீங்கள் வந்திருப்பது ஞானேஸ்வரனின் வலது கண் போன விஷயமாக. ஆனால் நீங்கள் முதலில் கேட்டது விலையைப் பற்றி. ஜப்பானிலிருந்து நான் வரவழைக்கும் ரைஃபிள் ஸ்கோப், துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கிற தூரக்கண்ணாடி, அமெரிக்காக்காரனுக்கு ஒரு விலை, கனடாக்காரனுக்கு அதைவிடக் கூடுதல், அது ஏன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் கண் விஷயமும் தானாக வந்துவிடும்.

அந்தத் தொழிற்சாலை இந்தக் கண்டம் முழுவதற்கும் என் மூலமாகத்தான் விற்கிறது. சரக்கு நூவர்க் துறைமுகத்தில் இறங்கியதும் இங்கே சுங்கவரி கட்டுகிறேன். அதே பெட்டி எல்லை தாண்டும்போது அவர்களுடைய சுங்கம், அவர்களுடைய விற்பனை வரி, நடுவில் ஏஜெண்டின் கமிஷன். அவர்கள் டாலரோ நம் டாலருக்குப் பக்கத்தில் நோஞ்சான். இதில் என் பேராசை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செலவு உண்டு, சோதனைக் கூலி. அமெரிக்கக் கடைக்காரருக்குப் பழுதான ஸ்கோப் போனால் திருப்பி அனுப்புவார், மாற்றிக் கொடுப்பேன். கனடாவிலிருந்து திரும்பினால் வரி, ஏஜெண்ட் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதனால் கனடாவுக்குப் போகிற ஒவ்வொரு ஸ்கோப்பையும் சுட்டுப் பார்த்த பிறகே அனுப்புவேன். நான் சுடுவதில்லை. பென்சில்வேனியாவில் ரிடையரான போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். ஸ்கோப்பைப் பெரிய ரைஃபிளில் மாட்டி, அதை ஸ்டாண்டில் முடுக்கி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுப்பார். தேறாத ஸ்கோப்பில் சிவப்பு டேப் சுற்றித் திருப்பித் தருவார். அந்தக் கூலி கனடா விலையில் சேரும். அமெரிக்க விலையில் சேராது.

துப்பாக்கி இந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. நான் படித்தது லென்ஸ் கண்ணாடி. முதலில் பைனாகுலர்தான் விற்றேன், பறவை பார்க்கிறவர்களுக்கு. பறவை பார்க்கிறவர்களைவிடச் சுடுகிறவர்கள் அதிகம் என்பது இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. துப்பாக்கிக் கண்காட்சிகளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போவேன். நகத்தடியில் ரத்தம் காய்ந்த கையை நீட்டுவார்கள், குலுக்குவேன், பாத்ரூமுக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போடுவேன். நான் விற்றது கண்ணாடி, அவ்வளவுதான். அதை எதன் மேல் மாட்டுகிறார்கள் என்பது அவரவர் பாவம்.

ஞானேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில் சட்பரி என்ற ஊரில் நிக்கல் சுரங்க எஞ்சினியர். வேலை போக மீதி நேரத்தில் என்னிடம் வாங்கி அங்கே விற்பார். வாரம் தவறாமல் ஃபோன் வரும், வாரம் தவறாமல் அதே கேள்வி.

"சந்தானம் அண்ணை, ஏன் எங்களுக்கு மட்டும் விலை கூட? கனடாக்காரன்ர கண் என்ன, தங்கத்திலயோ செய்தது?"

"சுட்டுப் பாத்துன்னா அனுப்பறேன், ஞானேஸ்வரன். அதுக்குச் செலவு இருக்கு."

"துவக்கையே தொடாத ஆள் நீங்கள், சுட்டுப் பாக்கிறதுக்குக் காசு வாங்கிறியள்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, பாக்கி வைக்காத மனிதர்.

எண்பத்தாறாம் வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அவரும் அவர் மனைவி ராஜராணியும் காரிலேயே இங்கே வந்தார்கள். உள்ளே வந்ததும் வராததுமாக ஒரு நீல ஐஸ் பெட்டியைத் தூக்கி டைனிங் டேபிளில் வைத்து மூடியைத் திறந்தார். மூஸ் என்று ஒரு மிருகம், குதிரை உயரத்தில் மான் மாதிரி இருக்கும். அதன் தொடை. பிளாஸ்டிக் உறையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்து மரத்தில் ஓடியது. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"நானே சுட்டது, அண்ணை. உங்கட ஸ்கோப்பாலதான்."

என் மனைவி நாகலக்ஷ்மி, நாங்கள் இதெல்லாம் சாப்பிடுவதில்லை என்று பதமாகச் சொன்னாள். அவர் முகம் விழுந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடனே காருக்கு ஓடினார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், அதே கையால்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. ஸ்கோப் விக்கிறவர் இறைச்சி தின்னமாட்டார் எண்டு நான் எப்பிடி நினைக்கிறது?"

அது ஒரு விருந்தாளி கேட்கிற கேள்வியா. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாகலக்ஷ்மியோ சிரித்துவிட்டாள், என் முன்னாலேயே.

ஸ்வர்ணாவைக் காணோமே என்று வாசலுக்குப் போனேன். என் பெண், அப்போது பத்து வயது. காரின் பின் சீட்டில் ராஜராணி பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். உப்புப் போட்டு உலர்த்திய அதே மாமிசம். என்னைப் பார்த்ததும் ஒரு துண்டை நீட்டினாள்.

"இட்ஸ் குட், அப்பா. வான்ட் சம்?"

விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் ஸ்வர்ணாவைப் பாத்ரூமுக்கு அழைத்துப்போய் வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் குடிக்க வைத்தேன். வரவில்லை. விரலை விட வேண்டியிருந்தது. வெறும் தண்ணீர் வருகிற வரைக்கும் விடவில்லை. "விடுங்கோ, கொழந்தைதானே, தெரியாம தின்னுட்டா" என்று நாகலக்ஷ்மி வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தகப்பன் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். மறுநாள் டேபிளைத் தெருவில் வைத்தேன்.

அன்றிலிருந்து ஸ்வர்ணா என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. நான் கலந்து கொடுத்த பால் கவுன்டரிலேயே ஏடு படிந்து கிடக்கும். நான் அறைக்குள் வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். ஒரு மனிதர் ஐஸ் பெட்டியோடு வந்து என் பெண்ணை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வயிறு எரிந்தது, மறைப்பானேன். வாராவாரம் அவர் ஃபோன் வந்துகொண்டுதான் இருந்தது. நானும் மரியாதையாகப் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வசந்தத்தில் பென்சில்வேனியாப் போலீஸ்காரர் சிவப்பு டேப் சுற்றிய ஸ்கோப் ஒன்றை நேரிலேயே கொண்டுவந்தார். சுட்ட அதிர்வில், கண் வைக்கிற பக்கத்துக் கண்ணாடி வளையத்தோடு கழன்று பின்னால் பறந்து, அங்கே நிறுத்தியிருந்த பலகையில் புதைந்ததாம். பலகை இருந்த இடத்தில் ஆள் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, தன் கண்ணைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். தேறாதவற்றை ஜப்பானுக்கே திருப்பிவிடுவது வழக்கம். அதை மட்டும் என் மேஜை டிராயரில் வைத்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது. ஸ்வர்ணாதான் எடுத்தாள். "ஹாய் அங்கிள்" என்றவள் நெடுநேரம் பேசினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பிறகு ரிசீவரை என் கையில் கொடுக்காமல் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனாள்.

"அண்ணை, இந்த முறை கடைக்கு இல்லை, எனக்கு. புது ரைஃபிள் ஒண்டு வாங்கியிருக்கிறன், பெரிய சாமான். சுட்டுப் பாக்கிறது கீக்கிறது ஒண்டும் வேண்டாம். அமெரிக்க விலையிலயே ஒண்டு தாங்கோவன்."

"சரி, ஞானேஸ்வரன். அமெரிக்க விலைதான்."

அவருக்கு நம்பவே முடியவில்லை. பாவம், நாலு தடவை தேங்க்ஸ் சொன்னார்.

அக்டோபரில் ராஜராணி ஃபோன் பண்ணினார். அழுதுகொண்டே சொன்னார். காட்டில் நடந்ததாம், முதல் குண்டிலேயே. இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஞானேஸ்வரனே பேசினார்.

"உங்களில பிழை இல்லை, அண்ணை. சுட்டுப் பாக்க வேண்டாம் எண்டு சொன்னது நான்தானே. நீங்கள் மனசைப் போட்டு உடைக்காதேங்கோ. ஸ்வர்ணாக் குட்டிக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ, பயந்திடும்."

ஒரு கண்ணை இழந்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த ஐஸ் பெட்டி வாடை மறுபடி என் மூக்கில் ஏறியது. ரிசீவரை வைத்துவிட்டுப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டேன்.

நீங்கள் வரும்போதே வாசலில் சொன்னீர்கள், இது சோதிக்காமல் தவறுதலாகப் போய்விட்ட பொருள், உங்கள் மேல் குற்றம் வராது என்று. என் மேல் உள்ள நல்லெண்ணத்தில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அதைத் திருத்தி எழுதுங்கள். பழுது என்று தெரியாமல் ஒரு பொருள்கூட இதுவரை என் கையிலிருந்து கனடாவுக்குப் போனதில்லை. இப்போது போய்விட்டது என்று எவனும் எழுதக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க விலை என்று சொல்லி ஃபோனை வைத்ததும் டிராயரைத் திறந்தேன். சிவப்பு டேப்பை நகத்தால் உரித்தேன். பிசின் ஒட்டியிருந்தது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அந்தக் கண்ணாடியை வளையத்தோடு கையாலேயே திருகி உட்கார வைத்தேன், பார்க்கப் புதிது மாதிரி இருக்கிற அளவுக்கு. புதுப் பெட்டியில் போட்டு, அவர் பெயரை நானே எழுதினேன். ஒரு தப்பும் செய்யாத குழந்தையைத் தண்டிக்க வைத்தவருக்கு அவர் கேட்டதைத்தான் அனுப்பினேன்.

விலையிலும் நான் சொன்ன சொல் மாறவில்லை. உண்மையில் அது சுட்டுப் பார்த்த ஸ்கோப். ஆனாலும் அமெரிக்க விலைதான் வாங்கினேன், சோதனைக் கூலியை என் கையிலிருந்தே போட்டேன்.