பனகல் பார்க் வழியாகக் கோர்ட்டுக்கு

இப்போதெல்லாம் எவனுக்கும் பொறுமை கிடையாது. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்னாலேயே பின்னால் நிற்கிறவன் ஹாரனை அமுக்குகிறான். போய் என்ன செய்யப் போகிறான்? அடுத்த சிக்னலில் நிற்கப் போகிறான். நீங்களும் அப்படித்தான் வக்கீலம்மா. நான் நாற்காலியில் உட்காருவதற்குள் கேள்வி கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். "அங்கமுத்து வழியிலயே செத்துட்டாரு. டிராபிக். எதிர்க்கட்சிக்கு அதிர்ஷ்டம், வேற என்ன சொல்றது?"

அந்த அதிர்ஷ்டம் என்ற வார்த்தைக்காகத்தான் எழுந்து போகாமல் இருக்கிறேன்.

நான் மூன்றாம் கிளாஸைத் தாண்டாதவன். சாந்தோம் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டோ எடுத்தேன். வக்கீல், டாக்டர், சாமியார் யாரையும் நம்பமாட்டேன். மீட்டரை நம்புவேன், அதுவும் என் மீட்டரை மட்டும்.

தி. நகரில் அந்தப் பெரிய வக்கீல் ஆபீஸ் இருக்கிறதே, உங்களுக்கு எதிர்க்கட்சி, அதற்கு எதிரே இருக்கும் ஸ்டாண்டில்தான் வெகுகாலம் வண்டி போட்டேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் வேலைக்காரன் நஷ்டஈடு கேட்டாலும், எந்தக் கம்பெனியின் மேல் எவன் வழக்குப் போட்டாலும், பெரிய இடத்துக்காக நிற்பது அவர்கள்தான். போன மாதம் ஒரு ஹால் பிடித்து விழா வைத்தார்கள். சீனியர் வெங்கடரமணன் மைக்கைப் பிடித்து, எங்களை நம்பி வந்த எந்தக் கல்வி நிறுவனமும் எந்த முதலாளியும் இதுவரை தோற்றதில்லை என்றார். ஜூனியர்கள் பேரைச் சொன்னார். டைப் அடிக்கிற பெண்ணின் பேரைச் சொன்னார். காபி கொடுக்கிறவன் பேரைக்கூடச் சொன்னார். நான் வாசலில் நின்று கடைசிவரை கேட்டேன்.

அந்தப் பெரியவர் ஒரே ஒரு தடவைதான் என் வண்டியில் ஏறியிருக்கிறார். கார் ரிப்பேர். நான் வேகமாக எடுத்தேன். "மெதுவாப் போப்பா. நம்ம தொழில்ல அவசரப்படறவன்தான் தோப்பான்" என்றார். நம்ம தொழில் என்றார். அதை நான் மறக்கவில்லை.

அவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாய்தா. ஒரு தேதியில் சீனியருக்கு வேறு கோர்ட், அடுத்த தேதியில் காகிதம் வரவில்லை, அதற்கடுத்ததில் ஜூனியருக்குக் காய்ச்சல். எதிரே நிற்கிறவன் ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுவிட்டு வருவான். ஒருநாள் வரமாட்டான். பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள், வழக்கு தள்ளுபடி. இதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. மேடை போட்டுக் கை தட்டுகிறார்கள்.

நான் செய்ததும் அதேதான். அவர்கள் கோர்ட்டுக்குள்ளே செய்ததை நான் ரோட்டில் செய்தேன்.

ஆபீஸ் குமாஸ்தா கிஷோர் டீக்கடையில் பக்கத்தில் வந்து நிற்பான். வழக்குப் போட்டவன் எந்த ஏரியா, எந்தத் தெரு என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வான். நான் அங்கே போய் வண்டி போடுவேன். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்கு நான்தான் வாடிக்கை ஆட்டோ. பிறகு தேதிக்கு முதல் நாள் கிஷோர் திரும்ப வருவான்.

"நாளிக்கு ரோடு எப்டி இருக்கும் நைனா?"

"எப்டி இருக்கணும்?"

"அத்த உன்கிட்டதான கேக்கறேன்" என்று சிரிப்பான். அவ்வளவுதான் பேச்சு. காசு பேசியதில்லை. மீட்டருக்கு மேல் ஒரு பைசா நான் யாரிடமும் வாங்கியதில்லை. ஏழைகளிடம் குறைத்தே வாங்கியிருக்கிறேன்.

அங்கமுத்து திருவான்மியூர் கோயில் குளத்துக்குப் பின்தெருவில் இருந்தார். பல்கலைக்கழகத்தில் லேப் அட்டெண்டர். வால்வு கசிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம், யாரும் மாற்றவில்லை. ஒருநாள் கேஸ் அடித்து நுரையீரல் போய்விட்டது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று பல்கலைக்கழகம் சொன்னது. மூக்கில் குழாய், மடியில் ஆக்சிஜன் சிலிண்டர், அதோடுதான் வெளியே வருவார். நல்ல மனுஷன். "என் மூச்சுகூட உன் வண்டியவிட வேகமா போவுது பிலிப்பு" என்று கிண்டல் பண்ணுவார். அவர் பெண்டாட்டி வசந்தி என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடும். அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். மீன் குழம்பில் புளி அதிகம்.

வீட்டுக்கே வந்து சாட்சியை எழுதிக்கொள்ள நீங்கள் ஏற்பாடு செய்கிறேன் என்றீர்கள். அவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் கூண்டுல ஏறணும். அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லணும்" என்று அடம்பிடித்தார். குறுக்கு விசாரணைக்கு அதுதான் கடைசித் தேதி, இனி வாய்தா கிடையாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலம் கிஷோர் வந்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"நைனா, அந்தாளு கூண்டுல ஏறிட்டான்னா ஆபீஸ் மொத தடவ தோக்கும். குறுக்கு விசாரணைக்கு வரலன்னா அவன் முன்னாடி எழுதிக் குடுத்தது எதுவும் நிக்காது."

நான் டீயைக் குடித்து முடித்தேன். ரோடு மோசமாக இருக்கும் என்று சொன்னேன்.

காலையில் போனபோது வசந்தி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தது. மடியில் வைக்கிற சிலிண்டர் ஒன்று. அது தீர்ந்தால் மாற்றுவதற்கு வாசற்படியில் இன்னொன்று. அந்த இரண்டாவதை எப்போதும் நான்தான் தூக்கி வண்டியில் வைப்பேன். அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுக்க வசந்தி உள்ளே ஓடியது. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறியது.

அடையாறைத் தாண்டினால் மந்தைவெளி, சாந்தோம், கடற்கரைச் சாலை, கோர்ட். எல்லோருக்கும் தெரிந்த வழி. நான் கோட்டூர்புரம் பக்கம் திருப்பினேன். "ஏண்ணே இப்டிப் போற?" என்றது வசந்தி. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறான் என்றேன். இந்த ஊரில் மெட்ரோ என்று சொல்லிவிட்டால் எவனும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டான். தி. நகருக்குள் நுழைந்து பனகல் பார்க்கில் போய் மாட்டினேன். முகூர்த்த சீசன். புடவைக் கடைக்கு வந்த வண்டிகள் நாலு பக்கமும் அடைத்து நின்றன.

நான் ஒன்றும் செய்யவில்லை. நின்றேன். எல்லோரும் நின்றார்கள்.

அங்கமுத்து என் தோளைத் தட்டினார். "பிலிப்பு, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. சிலிண்டர் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. வசந்தி சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியது.

"அண்ணே, இன்னொன்னு எங்கண்ணே? வாசல்ல வெச்சேனே, எடுத்தியா இல்லியா?"

"நீ எடுக்கச் சொல்லலியேம்மா. அங்கயே நிக்குது போல கீது."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அது கத்தியது. போகலாம் என்றேன். முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு கார், எங்கே போவது? இடதுபக்கம் ஒரு சந்து காலியாகத்தான் இருந்தது. ஒருவழிச் சந்து. நான் விதியை மீறி வண்டி ஓட்டுகிறவன் இல்லை. அவர் கை என் தோளிலேயே இருந்தது. பச்சை விழுந்தபோது அது நழுவியது. அப்போதும் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் எப்படி வக்கீலம்மா? ஆட்டோக்காரனுக்கு ரோடு தெரியாதா? எந்த மாதம் எந்தக் கடை வாசல் அடைத்துக்கொள்ளும், ஒரு சிலிண்டர் எவ்வளவு தூரம் வரும், எல்லாம் எனக்குத் தெரியும். பெரியவரும் ஜூனியர்களும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தேதியை ஜெயித்தது அவர்கள் இல்லை. தோற்றதே இல்லை என்று மைக்கில் சொன்னாரே, அதில் அன்றைக்குப் பாதி என்னுடையது.

வசந்தியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வாசலில் வைத்த சிலிண்டரை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான், எடுக்கச் சொல்லாமல் விட்டது தன் புத்திகெட்டதனம், புருஷனைத் தானே கொன்றுவிட்டோம் என்று இன்னும் அழுகிறது. "மறதி யாருக்கு இல்ல, வுடும்மா" என்று நான்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள் அதற்கு? இன்றைக்கு அந்த வழக்கை அதன் பேருக்கு மாற்றுகிற தேதி. கோர்ட்டுக்கு என் வண்டியில்தான் வருகிறது. கீழேதான் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலில் எட்டிப் பாருங்கள், பின்சீட்டில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருக்கும்.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் மழைக்குக் கட்டுகிற படுதாவைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பிரித்தால் சிலிண்டர் இருக்கும். வசந்தி மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனபோதே தூக்கி வைத்துவிட்டேன். அன்றைக்கு வைத்தபடியே இருக்கிறது. திறக்கவே இல்லை, முள்ளைப் பாருங்கள், முழுசாக இருக்கும்.

போனை எடுக்கிறீர்கள். எடுங்கள். இந்தாருங்கள் வண்டிச் சாவி. உங்கள் ஆபீஸ் இருக்கிற இந்த மந்தைவெளியிலிருந்து வீட்டுக்கு நடந்தே போய்விடுவேன். ஓடுகிற பழக்கம் எனக்கு இல்லை, போலீஸ் வந்தால் வழியில் பிடித்துக்கொள்ளலாம். சிலிண்டரைப் படுதாவில் சுற்றி வைத்தது தப்பு என்று எவனாவது சொன்னால், சரி, எழுதிக்கொள்ளட்டும். மெதுவாக ஓட்டியது தப்பு என்று மட்டும் என்னை யாரும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. மெதுவாக ஓட்டியதால் என் வண்டியில் இதுவரை ஒரு உயிர்ச்சேதம் கிடையாது.