ஜன்னல் வழியே வந்த கைக்குட்டை

பூந்தமல்லியில் ஆவடி பேருந்து கிளம்பும் முன், சீட்டு பிடிக்க யாரோ ஜன்னல் வழியே வீசிய கைக்குட்டை, அங்கே முன்பே உட்கார்ந்திருந்த பள்ளிச் சீருடைப் பெண்ணின் மடியில் மிதந்து விழுந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க ஏறியவர் அவளுடைய வரலாற்று டீச்சர்.

"எழுந்திரும்மா, முட்டி வலி உயிர் போகுது. சீட்டு போட்டுட்டேன்ல?"

"நேத்து பிலிப்பைன்ஸ் பாடத்துல இன்னா சொன்னீங்க மிஸ்? ஆளுங்க கீற ஊருலயே அமெரிக்கா போயி கொடி நட்டுச்சு, அநியாயம்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"இங்க நான் கீறேனே மிஸ்!"

பேருந்தே சிரித்தது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தார். அவள் எழுந்து, கைக்குட்டையை இருக்கையில் விரித்தாள்.

"உக்காருங்க. ஆனா கரையான்சாவடி ஸ்டாப் வந்தா சீட்டும் சுதந்திரமும் எனக்குத் திரும்ப வேணும்."

"முதல்ல உன்னை நீயே ஆளக் கத்துக்கோ, அப்புறம் தரேன்" என்று டீச்சர் சுகமாகச் சாய்ந்தார்.

"மிஸ், அமெரிக்காவும் இதையேதான் சொல்லுச்சு!"