ஏணி என் பொறுப்பில் இருந்தது

உங்கள் ஆபீஸ் காபி நன்றாக இருக்கிறது, ஸ்மிதா மேடம். செம்பூர் வரை வெயிலில் வந்தவனுக்கு இது பெரிய ஆறுதல்.

பழைய வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நவி மும்பை நெருளில் இருக்கும் என் மச்சினன் நாலு கம்பெனி பார்த்தவன். இன்டர்வியூவில் பழைய முதலாளியைக் குறை சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பினான். இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறேன்.

தாராவியில் உதுமான் பாயின் தோல் பேக் பட்டறையில் நான் சூப்பர்வைசர். பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். கீழே தோல் வெட்டுவதும் பேக்கிங்கும், மேலே தையல். மேலே போகப் படிக்கட்டு கிடையாது. தாராவியில் படிக்கட்டு கட்டுகிற இடத்தில் இன்னொரு மிஷின் போடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். தளத்தில் ஒரு சதுர ஓட்டை, அதில் சாய்த்து வைத்த ஓர் அலுமினிய ஏணி. ஆட்கள் ஏணியில் இறங்குவார்கள், சரக்கு கயிற்றில் இறங்கும்.

நான் சேர்ந்தபோது அங்கே ஒழுங்கு என்பதே இல்லை. ஒருவன் சாயாவுக்கு இறங்குவான். ஒருத்தி மகளுக்குப் போன் பேச இறங்குவாள். கக்கூஸ் தெருக்கோடியில் இருக்கிறது. போனால் வரிசையில் நின்று ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுத்தான் திரும்புவார்கள். நான் யாரையும் திட்டவில்லை. திட்டுவது எனக்குப் பிடிக்காது. அவசர ஆர்டர் வரும் நாட்களில் ஏணியை எடுத்து என் நாற்காலிக்குப் பின்னால் சாத்தி வைத்தேன், அவ்வளவுதான். மேலே குடத்தில் தண்ணீர் உண்டு, ஃபேன் உண்டு. ஒரு மூலையில் துணி கட்டி மறைத்து பக்கெட்டும் வைத்துக் கொடுத்தேன். தொழிலாளர் நலனில் அக்கறை வேண்டும் என்று உங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அது எனக்கு இயல்பாகவே வரும்.

சரக்கு சொன்ன நேரத்துக்குப் போக ஆரம்பித்தது. "பெரியநாயகம் வந்தபொறவுதான் நிம்மதியா தொழப் போறேன்" என்று பாயே நாலு பேர் முன்னால் சொன்னார். நாற்காலிக்குப் பின்னால் ஏணி நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலையை ஒருவனிடம் ஒப்படைத்தால் அப்படித்தான் விட்டுவிட வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. பாயும் கீழே வெட்டுகிறவர்களும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். மேலே ஜெபஸ்டினும் பேராச்சியும் மட்டும். ஜெபஸ்டின் தையல்காரன், பேராச்சி நூல் பிசிறு வெட்டுகிறவள், வாய் கொஞ்சம் நீளம். துபாய் சரக்கை ஏற்ற வேண்டிய டெம்போ சந்து முனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பேராச்சி ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, ஏணியப் போடுங்க. ஜெபஸ்டினுக்கு நெஞ்ச அடைக்காம். வேர்த்து ஊத்துது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. போன மாதம் பல்வலி என்று இறங்கிப் போன ஜெபஸ்டினை நான் சாயாக்கடையில் பஜ்ஜியும் கையுமாகப் பார்த்திருக்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

"மொதல்ல சரக்க எறக்கு. பொறவு ஆள எறக்கலாம்" என்றேன்.

"ஏணி வேண்டாம்னா கயித்துலயாவது கட்டி எறக்குதேன். வெளையாட்டு இல்ல அண்ணாச்சி, கண்ணு சொருகுது."

கயிறு சரக்குக்கு உள்ளது. அதில் ஆளைக் கட்டி இறக்கி, அறுந்து விழுந்தால் யார் பதில் சொல்வது? பாதுகாப்பு விஷயத்தில் நான் யாருக்காகவும் வளைந்து கொடுப்பதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே பேக்குகளை இறக்கினாள். ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் ஜிப் கோணலாக இருந்தது. அதைக் கயிற்றிலேயே திருப்பி அனுப்பினேன். தைத்தவன் ஜெபஸ்டின், அவனே பிரித்துத் தைக்கட்டும் என்றேன். தரம் என்றால் தரம்தான், மேடம்.

கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நெஞ்சு அடைக்கிறவன் மிஷின் மிதிப்பானா? பிறகு சத்தம் பாதியில் நின்றது. பேராச்சி அழுகிற மாதிரி இருந்தது. அழுதபடியே மீதி ஜிப்பைக் கையால் தைத்து இறக்கினாள். தையல் சுத்தமாக இருந்தது. அதைச் சரி பார்த்து டெம்போவுக்கு அனுப்பிவிட்டு, உடனே ஏணியைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை.

அவனை இறக்க நானும் கை கொடுத்தேன். டாக்ஸிக்கு என் பையிலிருந்துதான் கொடுத்தேன். அதை இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். ஏணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

சாவு வீட்டுக்கும் போனேன். மாலை பெரிதாகவே வாங்கினேன். ஜெபஸ்டின் பெண்டாட்டி என்னை யார் என்று தெரியாமல் கும்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராச்சி எழுந்து வந்தாள்.

"ஏணி ஒங்க கையிலதான இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆமாம் என்றேன். இருந்தது, போடவில்லை, அவன் செத்துப்போனான். இதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. உங்களிடமும் மறைக்கவில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்கிற ஆள் இந்தக் காலத்தில் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

ஆனால் நான் வேலையை விட்டது அதனால் இல்லை. தப்பாக நினைத்துவிடக் கூடாது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. துக்கம் முடிந்து பட்டறை திறந்த அன்று வழக்கம்போல முதல் ஆளாகப் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வெல்டிங்காரன் வந்திருந்தான். ஏணி இருந்த இடத்தில் இரும்பு ஏணி ஒன்றை நிறுத்திச் சுவரில் அடித்த இரும்புப் பட்டையோடு பற்றவைத்துக்கொண்டிருந்தான். உதுமான் பாய் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று, மேடம். இத்தனை உழைத்த ஒருவன்மேல் அவ்வளவுகூட நம்பிக்கை இல்லாத இடத்தில் எப்படி வேலை பார்ப்பது?