காலியாகத் திரும்பிய வண்டி

— கடப்பாரைய கீழ போடுக்கா. மொதல்ல கீழ போடு, அப்புறம் பேசலாம்.

— இன்னாத்த பேசறது? இத்த ஒடச்சிட்டுதான்டா கிருமாம்பாக்கத்துக்கு பஸ் ஏறுவேன். வெலகு சீலா.

— லில்லிக்கா, இது அது இல்ல. மாமாவத் தேடி உள்ள போன வண்டிமேல கதிர்வீச்சு படிஞ்சிபோச்சி. அத அந்த ஆலையிலியே ஒரு ரூமுல பூட்டி வெச்சிட்டாங்க. இது அதோட ஜோடி. நாளைக்கு வேற ஒரு அணு ஆலைக்குப் போவுது.

— மிஷினுக்கு ஜோடி இருக்குது. எனக்கு?

— அக்கா...

— 'மனுசன் போவ முடியாத எடத்துக்கு எங்க வண்டி போவும், ஆள தேடி இஸ்துகினு வரும்'னு பேப்பர்ல போட்டோ புடிச்சிகினு நின்ன இல்ல? குழாய் வெடிச்சி உங்க மாமா உள்ள மாட்டிக்கினாருன்னு சேதி வந்தப்ப நான் அழுவவே இல்லடா. எந்தம்பி செஞ்ச வண்டி அங்க இருக்குது, அவர கொண்டாந்துடும்னு கோயில்ல முட்டி போட்டுகினு கெடந்தேன். அது ஆளப் படுக்க வெக்கிற பலகை காலியா திரும்பி வருது. அவர பொட்டியில வெச்சி சீல் அடிச்சி அனுப்பறானுங்க. மூஞ்சகூட தொறந்து காட்டல. வெண்ணிலா பொட்டியத் தட்டித் தட்டி அவங்கப்பன கூப்புட்டாளே, பாத்த இல்ல?

— பாத்தேங்கா.

— அப்ப சொல்லு. ஏன் காலியா வந்துது?

— சொன்னேனே. பேட்டரி எறங்கிடுச்சி.

— அடக்கத்தன்னிக்கி கேபிள் மாட்டிக்கிச்சின்ன.

— அதாவதுக்கா... ரெண்டுந்தான்.

— ஏண்டா, இன்னும் பொய் சொல்லக் கத்துக்கலியா நீ? அவருகூட கான்ட்ராக்டுல போன இருசப்பன் நேத்து வூட்டுக்கு வந்தான். வெளிக்கதவாண்டதான் நின்னுகினு இருந்தானாம். வண்டிக்கு ஒரு கொறையும் இல்லியாம். உள்ள போறதும் வர்றதுமா இருந்துச்சாம். அவர்கிட்ட போய்ச் சேர்ந்துச்சா, இல்லியா?

— சேர்ந்துச்சி.

— சேர்ந்துச்சா!

— ம்.

— உசுரு இருந்துச்சா?

— இருந்துச்சிக்கா. காலு ஒடஞ்சி கெடந்தாரு. ஆனா நெனவு இருந்துச்சி.

— அடப்பாவி. அப்ப ஏண்டா...

— என் தப்புதான். என்னைய அடி. வண்டியகூட ஒடை, நான் தடுக்கல. இதோட வுட்டுடுக்கா.

— இவ்ளோ நேரம் மறிச்சிகினு நின்ன. இப்ப ஒடைங்கிற. இன்னாடா மறைக்கிற?

— தெரிஞ்சி இன்னாக்கா ஆவப்போவுது?

— அவரு பொண்டாட்டிடா நான். ஊருக்கெல்லாம் தெரியறது எனக்குத் தெரியக்கூடாதா?

— ஊருக்குத் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய இருந்து ரிமோட்டுல வண்டிய ஓட்டுனவங்களுக்கே தெரியாது. அவங்க வடநாட்டு ஆளுங்க, தமிழ் தெரியாது. மாமா வலியில கத்துறாருன்னு நெனச்சிட்டாங்க. வண்டியில பதிவான சத்தத்த எனக்கு அப்புறமாதான் அனுப்புனாங்க. நான் கேட்டேன்.

— இன்னா கத்துனாரு?

— வேணாங்கா.

— இன்னா கத்துனாரு, சீலா?

— வண்டியில கொரல் போட்டோம் இல்ல? இருட்டுல மிஷினு வந்து நின்னா உள்ள இருக்கறவன் பயந்துடக்கூடாதுன்னு. மொதல்ல யாரோ ஒரு அம்மா கொரல போட்டோம். பாகூர் ஏரியில டெஸ்ட் பண்றப்ப நம்ம ஆளுங்கள சேத்துல படுக்க வெச்சி பாத்தோம். பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்குதுன்னு சிரிச்சாங்க. பலகையில ஏறறதுக்கு வெச்ச கயித்த ஒருத்தனும் புடிக்கல.

— அதான் நான் பேசிக் குடுத்தேனே. 'பயப்படாத, நான் வந்துட்டேன், புடிச்சிக்கோ'ன்னு. நீதான் கேட்ட... நீதானேடா கேட்ட?

— ஆமாக்கா. அந்த ஆலையில கான்ட்ராக்டு ஆளுங்க பாதிப்பேரு நம்ம பக்கம். நம்மூரு பொம்பள கூப்புட்டாதான் வருவாங்கன்னு சொன்னேன்.

— ஐயோ.

— உள்ள ஒரே ஆவி. வெளக்கு அடிச்சாலும் வெள்ளையாதான் தெரியும். மாமாவுக்கு வண்டி கண்ணுல பட்டிருக்காது. கொரல் மட்டுந்தான் கேட்டிருக்கும்.

— சொல்லாதடா... இல்ல. சொல்லு. சொல்லிடு.

— 'லில்லி, நீ ஏண்டி உள்ள வந்த? வெளிய போடி. ரெண்டு பேரும் செத்துட்டா பாப்பாவ யாரு பாப்பாங்க?' அப்டின்னாரு. வண்டிய ரெண்டு கையாலயும் தள்ளுனாரு. மனுசன் தள்ளுனா வண்டி பின்னால போயிடணும்னு நான்தான் வெச்சிருந்தேன், அடிபட்டவன் மேல ஏறிடக்கூடாதுன்னு. அவங்க மறுபடி அனுப்புனாங்க. அது மறுபடி உன் கொரல்ல கூப்புட்டுது. மாமா மறுபடி தள்ளுனாரு. தெம்பு இருந்த வரைக்கும் தள்ளிகினே இருந்தாரு.

— இந்தாடா, கடப்பாரைய வாங்கிக்கோ.

— அக்கா? இப்டி உக்காரு. தண்ணி குடி.

— கடைசியா நான் வெளிய போயிட்டேன்னு நெனச்சிகினுதான் கண்ண மூடுனாரா?

— ஆமாக்கா. அவரா ஏறாம வண்டியால தூக்க முடியாதுன்னு அவங்க அத்த வெளிய திருப்பிட்டாங்க. உன் கொரல் நின்ன ஒடனே, 'அப்பாடா'ன்னாரு.

— பாவி மனுசா! வூட்ல ஒரு நாளும் எம்பேச்சக் கேட்டதில்ல. அங்கியாவது கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?

— நீ எதுவும் பண்ணலக்கா. நான் பண்ணது. இந்த வண்டியில உன் கொரல அழிச்சிட்டேன். இனிமே இது பேசாது. பீப் சத்தம் மட்டுந்தான்.

— பீப்புன்னா அங்க ஒடஞ்ச காலோட கெடக்கறவனுக்கு இன்னாடா புரியும்?

— வேற இன்னா பண்ண சொல்ற?

— மைக்க எடு.

— வேணாங்கா. இன்னிக்கு வேணாம்.

— நாளைக்குதானே போவுதுன்ன? எடுடா. அழுவ சத்தம் வராம பேசறேன். போட்டியா?

— ம். பேசு.

— 'ராசா, நான் பொம்பள இல்ல. யாரு பொண்டாட்டியும் இல்ல. வெறும் இரும்பு. நான் செத்தா அழுவறதுக்கு யாரும் இல்ல. என்னத் தள்ளாத. பலகையில ஏறிப் படு... உம்பொண்டாட்டி வெளிய நிக்கறா.'