இரண்டு பகுதிகளில் ஒரே குரல்

ஒரே பொருளை இரண்டாக வாங்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டில் ஒரே ஒரு கத்தரிக்கோல்தான். அலுவலகத்திலும் அப்படித்தான்; பதினோரு வருடமாக மற்றவர்களின் கணினிக் கோப்புகளை இடம் வீணாகாமல் பாதுகாப்பது என் வேலை.

அக்கா மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பாடியது, சண்டை போட்டது, பல் விழுந்த வாயோடு பேசியது என்று அவள் குரல் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் இருந்தது. அக்கா அவற்றை என்னிடம் கொடுத்தாள்.

"ரெண்டு இடத்துல வைடி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்."

"வெச்சுட்டேன்க்கா. உன் பேர்ல ஒரு பகுதி, அம்மா பேர்ல ஒரு பகுதி."

"நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலை," என்றவள், பதிவுகள் இருந்த பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கிக்கொண்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. இரண்டு பகுதிகளிலும் கோப்புகள் இருந்தன. எதைத் திறந்தாலும் குரல் வரும். ஒன்றை அழித்தாலும் மற்றது இருக்கும். ஆனால் அவை ஒரே பதிவுக்கு இரண்டு பெயர்கள்தான்; என் கணினியின் ஹார்ட் டிஸ்கில் ஒரே இடத்தைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. அந்த இடம் கெட்டால் இரண்டும் சேர்ந்து போகும். அதை அக்கா கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் வருவாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மகளின் குரலைக் கேட்டபடி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். நான் கேட்பது எதுவும் அவளுக்கு விழாது. என் வீட்டுக்கு வந்தாள், என்னிடம் வரவில்லை. இப்படிக் கரைந்துபோகிறவளை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

அப்போதுதான் டிஸ்க் எச்சரிக்கத் தொடங்கியது. படிக்க முடியாத இடங்கள் முதலில் நான்கு, பிறகு பத்தொன்பது. காலைக் காபியோடு அந்த எண்ணைப் பார்ப்பேன்; பிறகு குளிக்கப் போவேன். மூன்று மாதத்தில் டிஸ்க் அடியோடு நின்றுபோனது.

"இதுலேர்ந்து இனி எதையும் மீட்க முடியாது. மூணு மாசமா கத்திக்கிட்டு இருந்திருக்கு, யாருமே பார்க்கலையா மேடம்?" என்றார் பழுது பார்ப்பவர்.

"அவளுக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல. இதை எங்க பார்ப்பா," என்று அக்காதான் எனக்காகப் பேசினாள்.

பார்த்தேன். முதல் எச்சரிக்கை வந்த அன்றே இருநூற்றுப் பன்னிரண்டையும் வேறொரு டிஸ்கில் எனக்கென்று முழுதாகப் பிரதி எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அதிலேயே விழுந்து கிடப்பாள்.

நான் அப்படி இல்லை. வேலைக்குப் போகும்போது கொஞ்சம் கேட்பேன், வரும்போது கொஞ்சம், அவ்வளவுதான். நடுவில் அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. குழந்தை பேசி முடித்ததும் நானே கூப்பிடுகிறேன்.